மின்கருவி வியாபாரமும் மூளை முடக்குவாதப் பிள்ளைகளும்

மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையைப் பெற்றவர்களைப் போல் இலகுவில் ஏமாறக்கூடிய வாடிக்கையாளர் வேறெவருமில்லை என்பதை வியாபாரிகள் நன்கறிவர். தலையில் மின்னோட்டமோ காந்தமோ பாய்ச்சினாற் போதும், பிள்ளை எழுந்து நடந்துவிடும் என்கிறார்கள். செய்தித் தொழிலில் தலை நரைத்த எனக்கு அவர்களைவிட, அந்த விளம்பரத்தையே 'மருத்துவப் புரட்சி' என்று செய்தியாக்கும் பத்திரிகைகள் மீதுதான் சினம் அதிகம்.

கருவி பொய்யன்று. மண்டையோட்டைத் திறவாமலே காந்தத்தால் மூளையைத் தூண்டலாம் என்பதை 1985இல் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் காட்டினர். கனடாவின் கல்கரியில், பிறப்பையொட்டிய பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்த 45 பிள்ளைகளிடம் வைத்தியர் அடம் கேர்ட்டன் குழுவினர் இதைப் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டனர். தூண்டல் பெற்றவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைத்தது உண்மையே. ஆனால் 45 பேருமே இரண்டு வாரம் தீவிரக் கைப்பயிற்சி முகாமில் இருந்தவர்கள்! 2017இல் அதே குழுவினர் 24 பிள்ளைகளிடம் மெல்லிய மின்னோட்டத்தைச் சோதித்தபோது, பொய்யான தூண்டல் பெற்றோரின் கைத்திறனும் மற்றோருக்கு நிகராகவே வளர்ந்தது. தாம் விரும்பிய வேலையைச் செய்ய முடிகிறது என்ற நிறைவு மட்டும் மின்னோட்டம் பெற்றோரிடம் கூடுதலாக இருந்தது. இந்த விவரமெல்லாம் தலைப்புச் செய்தியில் எங்கே?

முன்னர் ஒட்சிசன் அறையை இவ்வாறுதான் விற்றார்கள். கியூபெக்கில் 111 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, சற்றே அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றும் அதே பலனைத் தந்ததென்று 2001இலேயே சொல்லிவிட்டது. விற்பனை நின்றபாடில்லை.

இயன்மருத்துவத்தையும் நான் சும்மா விடப்போவதில்லை. வாரத்தில் அரைமணி நேரம், பிள்ளை கூரையைப் பார்த்துக் கிடக்க, வேறொருவர் அதன் கால்களை மடக்கி நீட்டுவது பயிற்சியாகாது. சட்டைப் பொத்தான் பூட்டுதல், கரண்டி பிடித்தல், படியேறுதல் என்று பிள்ளைக்கு வேண்டிய காரியத்தைப் பிள்ளையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். நல்ல கையைச் சிறிது காலம் உறையிட்டுத் தடுத்து, தளர்ந்த கையைப் பழக்கும் முறைக்குப் போதிய சான்று உண்டு. அதற்குப் பயிற்சியாளரும் பொறுமையும் பல மணிநேரமும் வேண்டும். பெட்டியில் அடைத்து விற்க முடியாது. அதனாற்றான் அதற்கு விளம்பரமில்லை.

ஆகவே பெற்றோரே, கருவியோடு வருபவரிடம் விலையைக் கேட்குமுன், அதனுடன் எத்தனை மணிநேரப் பயிற்சி, யார் தருவார் என்று கேளுங்கள். பிள்ளைக்கு வலிப்பு இருந்தால், நரம்பியல் வைத்தியரைக் காணாமல் தலையிற் கைவைக்க எவரையும் விடாதீர்கள்.