கந்தகம் கமழும் அடுக்களை

இரசாயனக் கூடத்தில் ஐதரசன் சல்பைட்டு வாயுவைத் தயாரிக்கும் நாள் மாணவர் எளிதில் மறக்கும் நாள் அன்று. இரும்புச் சல்பைட்டின் மீது ஐதான அமிலம் விழுந்த சிறிது நேரத்துள் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். முன் வாங்கில் இருப்போர் மூக்கைப் பொத்துவர். பின் வாங்கில் இருப்போர் யன்னலை நாடுவர். அத்தகைய ஒரு நாளிலே மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கந்தகம் இப்படி நாறுகிறது. உள்ளியிலும் கந்தகம் இருக்கிறது என்று சொன்னீர்கள். அப்படியென்றால் அம்மா உள்ளி வதக்கும்போது மட்டும் ஏன் பசிக்கிறது?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆயினும் அது சிரித்துத் தள்ளிவிடத் தக்க வினா அன்று. பாட நேரத்துள் சொல்லி முடிக்க இயலாத அதன் விடையை இவ்வாரம் இங்கே எழுதுகின்றேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். கந்தகம் என்னும் பெயரே, மணத்தைக் குறிக்கும் 'கந்தம்' என்னும் வடசொல்லின் வழி வந்தது. ஆனால் மஞ்சள் நிறக் கட்டியாகக் கிடைக்கும் தூய கந்தகத்துக்கு மணம் என்று சொல்லத் தக்கது எதுவும் இல்லை. அது எரியும்போது நாசியைக் குத்துவது, கந்தகமும் ஒட்சிசனும் கூடி உண்டாகும் வேறொரு வாயு. கந்தகம் ஐதரசனோடும் காபனோடும் சேர்ந்து, எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளாகும்போதே அது நம் மூக்கை எட்டுகின்றது. ஆகவே ஒரு பொருளில் கந்தகம் உண்டு என்பதால் மட்டும் அது நாறுவதும் இல்லை, கமழ்வதும் இல்லை. எந்தச் சேர்வையாக உள்ளது, எவ்வளவு உள்ளது என்னும் இரண்டுமே மணத்தை நிருணயிப்பன. அரிதல், அரைத்தல், அவித்தல், வறுத்தல் என்று அடுக்களையில் நாள்தோறும் நடப்பவை எல்லாம் இவ்விரண்டையும் மாற்றும் தொழில்களே.

உள்ளியில் பிறக்கும் மணம்

உரிக்காத உள்ளி ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். மணம் மிகக் குறைவு. அதன் பல் ஒன்றை அம்மியில் வைத்துத் தட்டுங்கள். அயல் வீடும் அறிந்துகொள்ளும். இந்த மணம் உள்ளிக்குள் ஒளிந்திருந்து வெளிவந்தது அன்று. தட்டிய பின்னரே புதிதாகப் பிறந்தது.

உள்ளியின் கலங்களில் அல்லீன் என்னும் கந்தகச் சேர்வை உண்டு. அதற்கு மணம் இல்லை. அல்லினேசு என்னும் நொதியம் அதனோடு கலவாது தனியறையில் அடைபட்டிருக்கின்றது. கலம் உடையும்போது இடையிலுள்ள சுவர் தகர்ந்து இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளுள் அல்லிசின் என்னும் காரமான பொருள் உண்டாகின்றது. 1844ஆம் ஆண்டில் தியோடர் வேர்தைம் என்னும் ஆஸ்திரிய அறிஞர் உள்ளியை நீராவியால் வடித்து அதன் எண்ணெயைப் பிரித்தார். இரசாயன நூல்களில் வரும் 'அலைல்' என்னும் பெயர், உள்ளியின் இலத்தீன் பெயரைக் கொண்டு அவர் ஆக்கியதே. 1944இல் அமெரிக்காவில் கவலிற்றோ, பெயிலி என்போர் அல்லிசினைப் பிரித்தெடுத்தனர். அதன் பின் சில ஆண்டுகளுள் சுவிற்சர்லாந்தில் ஸ்ரோல், சீபெக் என்போர் அல்லீனைக் கண்டறிந்தனர். மணத்தைத் தேடிப் புறப்பட்ட ஆராய்ச்சி, நூறு ஆண்டுகளுக்குப் பின் மணமற்ற பொருள் ஒன்றிலே வந்து முடிந்தது.

தாவரம் இவ்வளவு ஏற்பாடு செய்வது நம் இரசத்துக்காக அன்று. பூச்சியோ புழுவோ கடித்தால், கடித்த இடத்திலேயே எரிச்சலூட்டும் பொருள் பிறந்து அதைத் துரத்த வேண்டும், பூஞ்சணமும் அணுகலாகாது. எப்போதும் உறையிலிருந்து உருவிய வாளோடு நிற்பின் அது தன்னையே வெட்டும். ஆகவே வேளை வரும்போது மட்டும் உருவுகின்றது. அந்த வாளையே மனிதன் தன் கறிக்குச் சுவையாக்கிக் கொண்டான்.

இதை அறிந்தால் சமையலின் நுட்பம் ஒன்றும் விளங்கும். நொதியம் வெப்பத்தில் அழிவது. முழுப் பற்களாகக் குழம்பில் இட்டு வேகவைத்தால், கலம் உடையுமுன்னரே நொதியம் அழிந்துவிடும். உள்ளி மாவுபோல் மெத்தென்று இனிக்கும். இரசத்துக்குப் பச்சையாக இடித்துப் போட்டால் அதன் வீறு முழுவதும் கிடைக்கும். நம் பாட்டிமார் நொதியத்தின் பெயரை அறியார்; ஆனால் எதை இடிப்பது, எதை முழுதாக இடுவது என்பதை ஐயமின்றி அறிவர்.

வெங்காயமும் பெருங்காயமும்

வெங்காயத்திலும் இதே கதைதான். ஆயின் அங்கே இன்னொரு நொதியமும் சேர்ந்து, கண்ணீரை வரவழைக்கும் ஆவி ஒன்றை உண்டாக்குகின்றது. அந்த இரண்டாம் நொதியத்தை 2002இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அதுவரை, கண்ணீர்ப் பொருள் தானாகவே உண்டாவதாக எண்ணியிருந்தனர். மழுங்கிய கத்தி அதிகக் கலங்களை நசுக்கும். கூரிய கத்தி குறைவாகவே நசுக்கும். வெங்காயத்தைச் சற்றுக் குளிர வைத்து அரிந்தால் நொதியத்தின் வேகமும் தணியும். அரிபவர் அழாதிருக்க இவை இரண்டும் போதிய உபாயங்கள்.

வெங்காயம் தன் கந்தகத்தை மண்ணிலிருந்தே பெறுகின்றது. கந்தகம் குறைந்த மண்ணில் விளைந்த வெங்காயம் காரம் குறைந்து இனிக்கும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து விடாலியா வெங்காயம் அதனாலேயே பெயர் பெற்றது. மண்ணோடு இனமும் காரத்தைத் தீர்மானிக்கும். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் ஒன்று கண்ணைக் கலக்கும் அளவுக்குப் பம்பாய் வெங்காயம் கலக்குவதில்லை என்பதைச் சம்பல் இடிப்போர் அனைவரும் அறிவர். அதே வெங்காயத்தை எண்ணெயில் வதக்கும்போது காரம் நீங்கி வேறு கந்தகச் சேர்வைகள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு இறைச்சிச் சாற்றின் மணம் உண்டு என்று கண்டிருக்கின்றனர். மரக்கறி உணவில் வதக்கிய வெங்காயம் நிறைவைத் தருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

நோன்பு நாட்களில் உள்ளியையும் வெங்காயத்தையும் விலக்குவோர் பெருங்காயத்தைச் சேர்ப்பர். பெருங்காயம், ஈரானிலும் ஆப்கானித்தானத்திலும் வளரும் ஒருவகைச் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். அதன் மணத்துக்குக் காரணமானவையும் கந்தகச் சேர்வைகளே. டப்பியைத் திறந்தால் முகத்தைத் திருப்பவைக்கும் அது, கொதிக்கும் எண்ணெயில் ஒரு சிட்டிகை பட்டதும் உள்ளியையும் வெங்காயத்தையும் நினைவூட்டும் மணமாக மாறுகின்றது. முன்வாசலால் அனுப்பிய கந்தகத்தைப் பின்வாசலால் அழைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் நோன்பு நோற்பவர் என்னைக் கோபிக்கமாட்டார் என்று நம்புகின்றேன்.

கடுகும் கோவாவும் இவ்வினத்தின் வேறு கிளை. முழுக் கடுகுக்கு மணம் இல்லை; நீர்விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும்; தாளிதத்தில் வெடித்தால் நொதியம் அழிந்து காரமின்றிக் கமழும். கோவாவை நெடுநேரம் அவித்தால் வீடு முழுவதும் நாறுவதும், முட்டையை மிகையாக அவித்தால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றுவதும் கந்தகத்தின் செயல்களே. முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்திலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு, மஞ்சட்கருவிலுள்ள இரும்போடு சேர்வதால் அவ்வளையம் உண்டாகின்றது. வெந்ததும் குளிர்ந்த நீரில் இட்டால் அது பெரும்பாலும் தோன்றாது. இரசாயனக் கூடத்தில் மாணவரை யன்னலுக்கு ஓடவைத்த வாயு அவித்த முட்டையிலும் உண்டு. அங்கே அது மிகச் சிறிதாக இருப்பதால் முட்டை மணக்கிறது.

மணமும் நாற்றமும்

அளவின் வல்லமைக்குக் கோப்பியே சிறந்த சான்று. பச்சைக் கோப்பிக் கொட்டையில் கோப்பி மணம் இல்லை. வறுக்கும்போதுதான் அது பிறக்கின்றது. அம்மணத்தை ஆக்கும் பல நூறு பொருள்களுள் மிக முக்கியமான ஒன்று கந்தகச் சேர்வை என்பதை 1920களில் ஸ்ரோடிங்கர், றைக்ஸ்ரைன் என்னும் அறிஞர்கள் கண்டனர். இருவரும் பிற்காலத்தில் வேறு ஆராய்ச்சிகளுக்காக நோபல் பரிசு பெற்றனர். அச்சேர்வை இலட்சம் கோடிப் பங்கு நீரில் ஒருசில பங்கு கலந்திருந்தாலே மூக்கு அறிந்துவிடும். அதுவே மிகுந்தால் விரும்பத்தகாத நாற்றமாகும்.

பண்டைத் தமிழில் 'நாற்றம்' என்பது நறுமணத்துக்கும் உரிய சொல். இன்று அது துர்க்கந்தத்தை மட்டும் குறிக்கின்றது. மொழியிலே பல நூற்றாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம், கந்தகத்திலே சில துளிகளின் வேறுபாட்டால் நிகழ்ந்துவிடுகின்றது.

துரியன் பழத்தை விரும்புவோரும் வெறுப்போரும் ஒரே வீட்டில் இருப்பர். அதன் மணத்தில் எதைல் மேர்க்கப்டன் என்னும் கந்தகச் சேர்வையும் ஒன்று. 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எரிவாயு கசிகிறது என்று அஞ்சி நூற்றுக்கணக்கானோரை வெளியேற்றினர். தீயணைப்புப் படையினர் வந்து தேடியபோது, அலுமாரி ஒன்றுள் அழுகிக் கிடந்த துரியன் பழமே அகப்பட்டது. வேடிக்கையான செய்திதான். ஆயினும் அன்று அங்கிருந்தோரின் மூக்குகள் தவறு செய்யவில்லை. ஏனெனில் எரிவாயுவுக்கு மணமூட்டவும் அதே எதைல் மேர்க்கப்டனையே கலக்கின்றனர்.

அடுக்களையின் காவல்

நம் வீட்டுச் சிலிண்டரில் உள்ள வாயுவுக்கு இயல்பில் மணமே இல்லை. நாம் 'காஸ் மணம்' என்று சொல்வது, வேண்டுமென்றே சேர்த்த கந்தகத்தின் மணம். அது ஏன் வேண்டும் என்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பாடசாலையின் அடியில், மணமற்ற இயற்கை வாயு கசிந்து நிரம்பியிருந்தது. எவரும் அறியவில்லை. மின்கருவி ஒன்றின் பொறி பட்டுக் கட்டடம் வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். அதன் பின்னரே அம்மாநிலத்தில் வாயுவுக்கு மணமூட்டுதல் சட்டமாயிற்று. பிற இடங்களிலும் அது பரவிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நம் நாட்டு வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் பல நிகழ்ந்தபோது, இந்த மணப்பொருள் போதிய அளவு சேர்க்கப்பட்டதா என்னும் கேள்வி நம்மிடையேயும் எழுந்தது.

நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு மேர்க்கப்டன் இருப்பினும் நலமான மூக்கு அறிந்துவிடும். ஆனால் அக்காவலாளியும் சோர்வதுண்டு. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சிறிது நேரத்தில் அது புலப்படாமற் போகும். ஆகவே முதலில் மணத்து, பின்னர் மணம் நின்றுவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாகாது. முதியோருக்கு மணமறியும் ஆற்றல் குறைவு. 2020 முதல் பரவிய கொரோனாத் தொற்றின் பின் மாதக்கணக்கில் அதை இழந்திருந்தோரும் உளர். அத்தகையோர் தனியே சமைக்கும் வீடுகளில், மற்றவர் நாள்தோறும் ஒருமுறை அடுக்களைக்குள் சென்று முகர்ந்து பார்ப்பது நன்று.

மணம் தெரிந்தால் மின்விளக்கின் ஆளியைத் தொடாதீர்கள், தீக்குச்சி வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு வெளியேறுங்கள். சிலிண்டர் வாயு காற்றினும் பாரமானது. தரையோடு படிந்து கிடக்கும். விளையாடும் குழந்தைகள் இருப்பதும் தரையிலேதான்.

வினாவிய மாணவனுக்கு மறுநாள் இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன், "அப்போ சேர், அம்மம்மாவுக்கு மணம் தெரியாது. அவவுக்குப் பதிலாக இனி நான்தான் மணந்து பார்க்க வேண்டும்" என்றான். பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை. எனினும் அன்றைய பாடம் வீண்போகவில்லை என்று அறிந்து மகிழ்ந்தேன்.