விருந்தினர் கணக்கும் வீட்டார் கணக்கும்

ஆண்டுதோறும் தை பிறக்கும் வேளையில், ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு ஓர் எண்ணை உலகுக்கு அறிவிக்கிறது. கடந்த ஆண்டில் நாட்டெல்லை தாண்டிச் சென்று தங்கிய பயணிகளின் எண்ணிக்கை அது. 1950இல் ஏறத்தாழ இரண்டரைக் கோடியாக இருந்த இவ்வெண் 2019இல் 146 கோடியாயிற்று. பெருந்தொற்று பரவிய 2020இல் 40 கோடியளவுக்கு வீழ்ந்தது. 2024இல் மீண்டும் 140 கோடியை எட்டியபோது, இழந்த செல்வம் கைக்கு வந்துவிட்டதென அமைச்சர்களும் விமான நிறுவனத்தாரும் விடுதி முதலாளிகளும் மகிழ்ந்தனர். 2030இல் 180 கோடி ஆகுமென்று 2011இலேயே கணித்துவைத்திருக்கிறார்கள்.

இம்மகிழ்ச்சியில் பங்குகொள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் இது ஆட்களின் எண்ணிக்கையே அன்று, வருகைகளின் எண்ணிக்கை. ஒருவரே ஓராண்டில் மூன்று நாடுகளுக்குப் போய்வந்தால் மூவராகவே எண்ணப்படுவார். அதனை விட்டுத்தள்ளுவோம். வந்தவரை இத்தனை கவனமாக எண்ணுகிறவர்கள், வந்தவரால் இடம்பெயர்ந்து போனவரை எண்ணுகிறார்களா? விருந்தினர் கணக்கை எழுதும் ஏட்டில் வீட்டாரின் கணக்குக்கு ஒரு பக்கமாவது உண்டா? நமது வழக்கு இதுவே.

வெனிஸ் நகரைப் பாருங்கள். 1951இல் அதன் பழைய நகர்ப்பகுதியில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அத்தொகை ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. அந்நகரை இந்நிலைக்குக் கொண்டுவந்தது கொள்ளைநோயுமன்று, போருமன்று. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைக் காட்டிலும் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது இலாபம் என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் கண்டுகொண்டார்கள். தொழிலும் வசதியும் தேடி முன்பே வெளியேறியவர்கள் உண்டு. எஞ்சியிருந்தவர்களை வாடகை துரத்தியது. 2021இல் பெருங்கப்பல்கள் நகரின் நடுக்கால்வாயில் நுழையத் தடை விதித்தார்கள். அது நல்ல காரியம். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் நாட்களில் பகற்பொழுது மட்டும் வந்துபோவோரிடம் ஐந்து யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அன்றே நகர மக்கள் பலர் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். எங்கள் ஊர் என்ன சீட்டு வாங்கிப் பார்க்கும் பொருட்காட்சியா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. நியாயமான கேள்வியன்றோ!

பார்சிலோனாவில் 2024 ஜூலையில் ஆர்ப்பாட்டக்காரர் சிலர், உணவகங்களில் அமர்ந்திருந்த வெளிநாட்டார்மீது விளையாட்டுத் துப்பாக்கியால் நீரைப் பீய்ச்சினார்கள். ஏடுகள் அதைப் பெரிதாக வெளியிட்டு, விருந்தோம்பும் பண்பு செத்துவிட்டதென வருந்தின. முன்பின் அறியாத பயணிமீது தண்ணீர் ஊற்றுவதை நாமும் ஆதரிக்கவில்லை. அவர் பணம் கொடுத்து வந்தவர், வாடகையை உயர்த்தியவர் வேறொருவர். ஆனால் அதற்கு முந்தைய மாதம் அந்நகர மேயர் சொன்னதை எத்தனை பேர் படித்தார்கள்? பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்றும், பயணிகளுக்கு விடப்படும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளின் உரிமங்கள் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்படமாட்டா என்றும் அவர் அறிவித்தார். நீர்த்துப்பாக்கி செய்தியாயிற்று, வாடகைச் சீட்டு செய்தியாகவில்லை.

'அவை செல்வம் மிகுந்த நாடுகள். ஏழை நாடுகளுக்குச் சுற்றுலாவே சோறு' என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆகவே நமக்கு அண்மையிலுள்ள மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். நம் அடுக்களையில் மணக்கும் மாசிக்கருவாட்டின் தாயகம் அது. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் நாடு. 1343 வாக்கில் அங்கே போய்ச்சேர்ந்த இப்னு பதூதா, அத்தீவினரின் காஜியாகப் பணியாற்றி, அங்கேயே மணமுடித்து, பின்னர் இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கும் மதுரைக்கும் வந்தார். அவர் குறையற்ற விருந்தாளி என்று சொல்லிவிட முடியாது. தீவினரின் உடையைக் கண்டித்துக் கட்டளையிட்டார், ஆட்சியாளருடன் பிணங்கினார், கடைசியில் வெளியேறினார். ஆயினும் அம்மக்களின் நடுவே வாழ்ந்து, அவர்கள் வழக்கைக் கேட்டு, அவர்கள் உண்டதை உண்டார்.

1972இல் அந்நாட்டில் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. பெயர் 'குரும்பா', திவேஹி மொழியில் இளநீர்க்காய் என்று பொருள். நம் 'குரும்பை'யை நினைவூட்டும் சொல். அன்று தொட்டு, ஆளில்லாத் தீவு ஒன்றுக்கு ஒரு விடுதி என்பது கொள்கையாயிற்று. குடிமக்கள் வாழும் தீவுகளில் மது கூடாது. விடுதித் தீவில் தடையில்லை. மக்களின் சமய வாழ்வுக்கு இதனால் பாதுகாப்பு என்றார்கள். அப்பாதுகாப்பை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் நீரால் பிரிக்கப்பட்டது மது மாத்திரமா? வருமானமும் அன்றோ பிரிந்து நின்றது! குத்தகை பெரும் நிறுவனங்களின் கையில். உணவுப்பொருளில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குவது. ஊழியரில் பெருந்தொகையினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் போனவர்கள். 2022 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வசிப்போர் ஐந்து லட்சத்துப் பதினைந்தாயிரம். அவர்களில் நால்வரில் ஒருவர் வெளிநாட்டவர். 2024இல் வந்துபோன பயணிகளோ இருபது லட்சத்துக்கும் மேல். ஆள் இல்லாத தீவுகளில் பயணிக்கு நீர்மேல் மாளிகை. மக்களில் ஐந்தில் இருவர் மாலே நகரப் பகுதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

2010 வாக்கில், மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் மீனவர் குடும்பங்களும் நாலு காசு காணத் தொடங்கின. இது வரவேற்கத்தக்கதே. சுற்றுலாவை அடியோடு வெறுப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். பணம் வீட்டாரின் கைக்கு நேரே வரும்போது விருந்தினர்மீது மனக்கசப்பு குறைகிறது. ஆனால் அங்கும் நிலம் குறுகியது, குப்பை பெருகியது. 2015இல் தொடங்கிய பசுமை வரியை 2025 சனவரி முதல் விடுதிகளில் ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு ஆறு டாலரிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினார்கள். அது போதுமா என்பது வேறு வழக்கு.

சோறு போடுவதாகச் சொல்லப்படும் இத்தொழில் எத்தனை நிலையற்றது என்பதையும் அந்நாடே காட்டிற்று. 2019இல் 17 லட்சம் பயணிகள். 2020இல் ஐந்தரை லட்சம். 2024 தொடக்கத்தில் இந்தியாவுடன் அரசியல் மனத்தாங்கல் மூண்டது. முந்தைய ஆண்டு இரண்டு லட்சத்துக்கும் மேல் சென்று முதலிடம் பெற்றிருந்த இந்தியர், அவ்வாண்டு 1,30,000 அளவிலேயே சென்றார்கள். இலங்கையிலும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்ததை அறிவோம். அயலாரின் மனநிலையை நம்பி அடுப்பு மூட்டும் குடும்பத்தின் கதி இதுதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கடல் மட்டத்திலிருந்து சராசரி ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள நாடு மாலத்தீவு. 2009 அக்டோபரில் அதன் அமைச்சரவை கடலுக்கடியில் கூடி உலகை எச்சரித்தது. வெப்பத்தை உயர்த்தும் வாயுக்களில் ஏறக்குறைய எட்டு விழுக்காடு சுற்றுலாவால் வெளியாகிறதென 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூழ்கவிருக்கும் தீவைப் பார்க்க, அதை மூழ்கடிக்கும் புகையைக் கக்கிக்கொண்டு பறந்துபோகிறோம். 'நாம்' என்று வேண்டுமென்றே எழுதுகிறோம். உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் துபாயும் இஸ்தான்புலும் காட்டுகிறோமென்று அழைக்கும் விளம்பரங்களும், புதுமணத் தம்பதியரை மாலத்தீவுக்கு அனுப்பும் வழக்கமும் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டன.

பயணத்தை விலக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை வீட்டாருக்கு வேண்டும். பூட்டான் நாள் கட்டணம் விதித்துத் தன் வாசலைத் தானே காத்தது. 2022இல் 200 டாலராக்கிய கட்டணத்தை 2023இல் பயணிகள் குறைந்தார்களென்று நூறாகக் குறைத்ததைப் பார்த்தால், அவ்வுறுதியும் தளரக்கூடியதே. ஆண்டுக்கொருமுறை வருகையை எண்ணி அறிவிக்கும் அமைச்சகங்கள், அதே தாளில் இன்னும் மூன்று எண்களைச் சேர்த்து வெளியிடட்டும்: அவ்வூரில் ஒரு குடும்பம் தரவேண்டிய மாத வாடகை, அவ்வாண்டில் ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் தொகை, விடுதி ஊழியரின் ஊதியம். அவற்றைக் கண்ட பிறகு, 180 கோடியைக் கொண்டாடுவதா வேண்டாமா என்பதை வீட்டாரே சொல்லட்டும்.