மலைச் சரிவில் டிராக்டரும் டிரெய்லரும்

ஜவ்வாது மலையில் விளையும் சாமை, புளி, பலா முதலியவற்றை டிரெய்லரில் ஏற்றிக் கீழே கொண்டுவரும் குடியானவர்கள் பலர். உழவுக்கு வாங்கிய டிராக்டரைப் பாரத்துக்கும் பூட்டுவது இயல்பே. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் போளூர்ச் சமவெளியில் ஓட்டிப் பழகிய கையோடு ஜமுனாமரத்தூர்ப் பாதையில் ஏறி இறங்குவது வேறு காரியம். ஏற்றத்தைக் கண்டு அஞ்சுபவரே பெரும்பாலோர். உண்மையில் அஞ்ச வேண்டியது இறக்கத்துக்கே.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரிவில் பாரம் முன்னால் தள்ளும்போது மாடுகள் காலை ஊன்றிக் கழுத்தால் தாங்கும். டிராக்டருக்கு அந்த அறிவு கிடையாது. 2 டன் டிராக்டரை 5 டன் பாரம் பின்னிருந்து தள்ள, பிரேக்கோ டிராக்டருக்கு மட்டும் இருக்குமாயின், டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரையும் இழுத்துச் சாய்த்துவிடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகையால் சரிவு தொடங்குமுன்பே தாழ்ந்த கியரைப் போட்டுக்கொண்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்குமாறு இறங்க வேண்டும். டீசல் மிச்சமென்று கியரை விலக்கி உருளவிடுவது சிக்கனமன்று, மதியீனம். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே விட்ட இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலைக்கு வருமுன் தாழிட்டு ஒன்றாக்க மறப்பவரும் உளர். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி பள்ளத்தை நோக்கித் திரும்பும்.

டிரெய்லரை டிராக்டரின் தாழ்ந்த கொக்கியிலேயே மாட்டுக. உயரத்தில் மாட்டி ஏற்றத்தில் இழுத்தால் முன்சக்கரங்கள் எழும்பி, டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே பின்புறமாகக் கவிழும். சுவீடன் தேசத்தில் 1959 முதல் புது டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டபின் இவ்வகை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

தனி பிரேக் இல்லாத டிரெய்லரை மலைப்பாதையில் பாரத்தோடு விடலாகாது என்பதே சரியான கொள்கை. செலவு அதிகமென்பர். அப்படியாயின் பாரத்தைப் பாதியாக்கி இரண்டு நடையாகக் கொண்டுசெல்லட்டும்.

இதனினும் முக்கியமானது ஆட்களை ஏற்றுவது. 2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்துக் கான்பூர் அருகே கோயிலிலிருந்து திரும்பியோரைச் சுமந்த டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அதே ஆண்டு ஏப்ரலில் இம்மலையின் புதூர்நாட்டுப் பக்கத்திலும் கோயிலுக்குச் சென்றோரின் வாகனம் பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தனர். அது டிரெய்லர் அன்று. ஆயினும் பாதை அதே மலையின் பாதை.

பேருந்து போகாத சிற்றூரார் திருவிழாவுக்கும் கூலி வேலைக்கும் எதில் செல்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. அதற்கு விடை பேருந்து கேட்பதேயன்றிப் பாரப் பெட்டியில் குழந்தைகளை ஏற்றுவதன்று. கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊர்ப் பெரியோரும் திருவிழாவுக்கு முன்கூடும் கிராம சபையிலேயே பேருந்துக்கு மனுச் செய்து, டிரெய்லரில் ஆள் ஏற்றுவதில்லை என்று தீர்மானமும் எழுத வேண்டும். உரிமையாளர் உறவினராயிற்றே என்ற தாட்சணியம் இங்கே உதவாது.

முட்டுக்கட்டை என்ற சொல் இன்று தடைக்குப் பெயராகிவிட்டது. கட்டையை மட்டும் வண்டியில் காணோம். சரிவில் நிறுத்துபவர் சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு கட்டைகளையும், இரவுக்கு டிரெய்லரின் பின்னால் சிவப்பு மின்னும் பட்டைகளையும் சாமை அறுவடைக்கு முன்பே தயாராக வைத்துக்கொள்க.