டவர் வந்ததால் பறவை போனதா?

"எங்கள் ஊர்க் குளத்துக்கு ஐப்பசி பிறந்தால் வாத்துக் கூட்டமும் உள்ளானும் வந்து இறங்கும். மூன்று வருடமாக வரத்து பாதியாகக் குறைந்துவிட்டது. குளத்தங்கரையை ஒட்டி செல்போன் டவர் வந்த பிறகுதான் இப்படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். டவருக்கு இடம் கொடுத்தவரும் எங்களைப் போல இரண்டு ஏக்கர்காரர்தான். இப்போது அவர் வீட்டு விசேஷத்துக்குக்கூட யாரும் போவதில்லை. டவரை எடுத்தால் பறவைகள் திரும்புமா?"
- ஒரு வாசகி, நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

டவரை எடுத்துவிட்டால் பறவைகள் திரும்பிவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பறவை குறைந்ததற்கான காரணங்களை டவரின் அலையில் தேடுவதைவிட குளத்துக் கரையிலும், குளத்துக்கு உள்ளேயும், சுற்றியுள்ள வயலிலும் தேடுவதே பயன் தரும்.

டவர் மேல் பழி விழுவதற்கு ஒரு நியாயம் உண்டு. வலசை வரும் பறவைகள் பல, பூமியின் காந்தப் புலத்தை உணர்ந்து திசை பிடிக்கின்றன. மின்காந்த அலை அதைக் கெடுக்கும் என்பதும் வெறும் சினிமாக் கதை அல்ல. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் என்ற சிறு குருவியை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. நகரத்து மரக்கூண்டுக்குள் வைத்த குருவிகளால் வலசைத் திசையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கூண்டைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, அதற்கு எர்த் கொடுத்ததும் சரியாகத் திசை பிடித்தன. எர்த்தைக் கழற்றியதும் மறுபடி தடுமாறின.

ஆனால் அந்தக் குருவிகளைக் குழப்பியது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலை. பழைய மீடியம் வேவ் ரேடியோ பேசிய அலைவரிசை அதற்குள்தான் வருகிறது. மின்சாரக் கருவிகளிலிருந்து கசியும் இரைச்சலும் அங்கேயே விழுகிறது. செல்போன் அலை 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 2022-லும் 2023-லும் வந்த அடுத்தகட்ட ஆய்வுகளில் 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலை பறவையின் திசையறிவைக் கெடுத்தது. 140-க்கு மேலும், 235-க்கு மேலும் சோதித்த அலைகள் கெடுக்கவில்லை. டவர் அருகே கூடு கட்டும் பறவைகளைப் பற்றிய ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைப்பது நியாயமாகாது.

டவரால் பறவை சாவதும் உண்டு. அது வேறு வகை. அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சிக்காக நிறுத்தியிருக்கும் மிக உயரமான டவர்களை நாலாபுறமும் இழுவைக் கம்பி பிடித்திருக்கும். உச்சியில் சிவப்பு விளக்கு விடாமல் எரியும். மேகமூட்டமான இரவில் அந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, கம்பியில் அடிபட்டு பறவைகள் விழுகின்றன. விடாமல் எரியும் விளக்கை விட்டுவிட்டு எரியும் விளக்காக மாற்றியதுமே சாவு பாதிக்கு மேல் குறைந்தது. நம் ஊர் செல்போன் டவர் அவ்வளவு உயரமும் இல்லை, பெரும்பாலும் இழுவைக் கம்பியும் இல்லை. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது விளக்கு.

வாசகி தம் கடிதத்தின் பின்பகுதியில் போகிற போக்கில் ஒரு தகவல் எழுதியிருக்கிறார். டவர் வந்த அடுத்த வருடமே குளத்துக் கரையில் ஹைமாஸ் விளக்கு போட்டார்களாம். விடிய விடிய எரிகிறதாம்.

வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. பகல் சூடு இல்லை, காற்று அடங்கியிருக்கும், பருந்துத் தொல்லையும் குறைவு. நட்சத்திரத்தையும் காந்தப் புலத்தையும் பார்த்து வருகிற பறவையின் கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சக் குவியல் பட்டால் அது வழியை விட்டு விலகிவிடும். நியூயார்க்கில் ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் நினைவுக்காக வானத்தை நோக்கி இரண்டு ஒளிக்கற்றைகளைப் பாய்ச்சுகிறார்கள். ஏழு வருடங்களில் ஏழே இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டதாக ராடார் வைத்துக் கணக்கிட்டார்கள். விளக்கை அணைத்த சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியே போய்விட்டன. அதனால் இப்போது சுற்றும் பறவைகள் ஆயிரத்தைத் தாண்டினால் 20 நிமிடம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். சிகாகோ நகரில் ஏரிக்கரையில் உள்ள ஒரே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் 2023 அக்டோபர் 5-ம் தேதி மட்டும் ஆயிரத்தை ஒட்டிய பறவைகள் மோதி இறந்தன. மறு வருடம் கண்ணாடியில் சிறு புள்ளிகள் பதித்த படலம் ஒட்டியதும் சாவு மிகவும் குறைந்தது.

நாங்குநேரிக் குளத்தில் கண்ணாடிக் கட்டடம் இல்லைதான். ஆனால் அங்கே வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் பகலெல்லாம் குளத்தின் நடுவே தூங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் கரை ஓரத்துக்கும் வயலுக்கும் இரை தேட வருபவை. மேய்கிற இடத்தில் விடிய விடிய வெளிச்சம் அடித்தால் அவை வேறு குளம் பார்த்துப் போய்விடும்.

விளக்கால் விவசாயிக்கும் நஷ்டம் உண்டு. தெருவிளக்குக் கம்பத்தை ஒட்டிய வயலில், சுற்றிலும் கதிர் தள்ளியிருக்க, விளக்கின் அடியில் மட்டும் பயிர் பச்சையாகவே நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நெல் அடிப்படையில் குறும்பகல் பயிர். பருவ உணர்வுள்ள பாரம்பரிய ரகங்கள் இரவு நீண்டால்தான் பூக்கும். விளக்கு எரிந்தால் பயிருக்கு இரவு குறைந்தது போலாகி, கதிர் பின்தங்கும். குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சியையும் தத்துப்பூச்சியையும் அக்கம்பக்கத்து வயலுக்கு அழைத்து வருவதும் இதே வெளிச்சம்தான். விளக்குப்பொறி வைக்கும்போது மாலை 6 முதல் இரவு 10 வரை எரித்தால் போதும் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்து விழுவதில் நன்மை செய்யும் பூச்சிகள் அதிகம்.

சத்தத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் வானிலை ராடாரில் பார்த்தபோது, புத்தாண்டு இரவில் வெடி வெடித்ததும் ஆயிரக்கணக்கான பறவைகள் நீர்நிலையிலிருந்து எழும்பி 500 மீட்டர் உயரம் வரை போய்ப் பறந்தது தெரிந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் ராடார் எதுவும் இல்லை. வேட்டங்குடிப் பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாக தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ட்ரோனும் இப்போது ஊர் ஊராக வந்துவிட்டது. கலிபோர்னியாவில் 2021 மே மாதம் ஆலாப் பறவைகள் அடைகாக்கும் இடத்தில் ஒரு ட்ரோன் விழ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை விட்டுவிட்டுப் பறவைகள் பறந்து போயின. மருந்து தெளிக்கும் ட்ரோன் வயலோடு நின்றுகொள்ளட்டும். குளத்தின் மேல் வீடியோ எடுக்கப் பறக்கவிடும் இளைஞர்களிடம் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட விவசாயி கையில் நேரடியாக இருப்பது மருந்து. வலசை திரும்பும் பறவைக்கு மாசியும் பங்குனியும் முக்கியமான மாதங்கள். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் போக வேண்டும். 25, 30 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் சைபீரியாவின் வடகோடிக்குப் போக வேண்டும். வழிக்கான எரிபொருள் உடம்பில் சேரும் கொழுப்புதான். கிளம்பும் முன் சில வாரங்கள் விடாமல் தின்று, சில இனங்கள் எடையை இரட்டிப்புக்குப் பக்கமாகக்கூட ஏற்றிக்கொள்ளும். பிசான அறுவடை முடிந்து, உளுந்து விதைத்து, பருத்திக்கு விதை நேர்த்தி செய்கிற நேரமும் ஏறக்குறைய இதுவே.

கனடாவில் ஒரு வலசைக் குருவிக்கு, மருந்து கலந்த விதை சிலவற்றைத் தின்றால் எவ்வளவு இமிடாகுளோபிரிட் உள்ளே போகுமோ அந்த அளவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2019-ல் வெளியானது. 6 மணி நேரத்தில் உடல் எடையில் 6 சதவீதம் குறைந்தது. குருவி சாகவில்லை, இரை எடுப்பதை விட்டுவிட்டது. கிளம்புவது சுமார் மூன்றரை நாள் தள்ளிப்போனது. வலசைப் பறவைக்கு மூன்றரை நாள் என்பது பருவம் தப்பி நாற்று விடுவது மாதிரி. பிந்திப் போனால் நல்ல கூடு இடம் கிடைக்காது, குஞ்சு பொரிக்கும் காலமும் இரை பெருகும் காலமும் ஒன்று சேராது.

மோனோகுரோட்டோபாஸ் கதை இன்னும் கொடியது. நம்மூரில் பெயர் தெரியாத விவசாயி இல்லை. வட அமெரிக்காவிலிருந்து ஸ்வெயின்சன் பருந்துகள் வலசை போய்த் திரும்பும்போது எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எங்கே போகின்றன என்று பார்க்க, முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி அனுப்பினார்கள். அந்தத் தடம் அர்ஜென்டினாவின் வயல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே குதிரை மசால், சூரியகாந்தி வயல்களில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்திருந்தார்கள். மருந்து பட்ட வெட்டுக்கிளியைத் தின்ற பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன. 1995-96 பருவத்தில் மட்டும் சுமார் 20,000 இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த சம்பளம் இல்லாமல் வந்த வேலையாட்கள் அவை! பிறகு அர்ஜென்டினா அந்த மருந்தை நிறுத்தியது, பெருஞ்சாவும் நின்றது. கருவி என்றாலே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கும் இது சாட்சி.

நம் வயலில் செய்யக் கூடியது சிக்கலானதல்ல. நேர்த்தி செய்த விதையை மண் மூடும்படி விதைக்க வேண்டும். வரப்பிலும் களத்திலும் சிந்தியதைக் கூட்டி அள்ளிப் புதைக்க வேண்டும். நெல் தரிசில் உளுந்தை மேலாகத் தூவுகிறவர்கள் பூச்சிமருந்து நேர்த்திக்குப் பதிலாகக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, பிறகு ரைசோபியம் சேர்த்தால் வேரழுகலுக்கும் காப்பு, வாத்துக்கும் புறாவுக்கும் ஆபத்தில்லை. குளத்து நீரில் தெளிப்பானைக் கழுவுவதை விட்டுவிட வேண்டும். ஆடு மாடு குடிக்கிற தண்ணீர் என்பதால் இதைத் தனியாகச் சொல்லவேண்டியதே இல்லை, ஆனாலும் நடக்கிறது.

இனி குளம். 2023 டிசம்பர் பெருமழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. பின்னர் பல இடங்களில் கரையைப் பலப்படுத்தி, ஜேசிபி விட்டுத் தூர் வாரினார்கள். தண்ணீர் நிற்க அது தேவைதான். ஆனால் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் உள்ளானுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு வேண்டியது கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும். வாத்துக்கும் முழங்கால் தண்ணீர் போதும்; தலையைக் கவிழ்த்து அடிச் சேற்றை எட்ட வேண்டும். குளம் நிறைந்து ஆழமாக நிற்கும் வருடங்களில் பறவை குறைவது போலத் தெரிவது இதனால்தான். அக்கம்பக்கத்துக் குளமெல்லாம் நிறைந்திருந்தால் கூட்டம் பிரிந்தும் போகும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து இங்கே குஞ்சு பொரிப்பதாக வருடா வருடம் செய்தி வருகிறது. இவை இந்தியாவுக்குள் தண்ணீரைத் தேடி இடம் மாறும் உள்நாட்டுப் பறவைகள். வடக்கிலிருந்து வரும் வாத்தும் உள்ளானும் இங்கே கூடு கட்டுவதே இல்லை. நாரை குறைந்தால் குளத்துக் கருவேல மரம் வெட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வாத்து குறைந்தால் நீர் ஆழத்தையும் விளக்கையும் பார்க்க வேண்டும்.

பறவை வந்தால் வயலுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு வேடந்தாங்கலைச் சொல்லலாம். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் உரத் தண்ணீர் என்று தெரிந்துதான் 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவையைச் சுடக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலேயக் கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். நாற்றங்காலை மிதித்துக் குருத்தைப் பிடுங்கும் நீலத் தாழைக்கோழியால் நஷ்டம் உண்டு, மறுக்க முடியாது. அது உள்ளூர்ப் பறவை. அந்தக் கோபத்தை விருந்தாளி மேல் காட்ட வேண்டியதில்லை.

ஆக, கிராம சபையில் வைக்க வேண்டிய கோரிக்கை மாற வேண்டும். ஐப்பசி முதல் பங்குனி வரை குளத்தங்கரை விளக்கை இரவு 10 மணிக்கு அணைப்பது, மற்ற நேரத்தில் வெளிச்சம் கரைப் பாதையில் மட்டும் விழும்படி மேலே மூடி போடுவது, அடுத்த முறை தூர் வாரும்போது ஒரு பக்கமாவது ஓரத்தைச் சரிவாக விடுவது, இவற்றைக் கேட்கலாம். டவர் அடியிலுள்ள அறையில் காவல் விளக்கு எரிந்தால் அதையும் குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பச் சொல்லலாம். அதை நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லத் தோதானவர் இடம் கொடுத்த அந்த விவசாயிதான். ஊர் அவரிடம் போய்ப் பேசியாக வேண்டும்.

குறைந்தது, கூடியது என்று வாய்க்கணக்கு சொல்வதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்ட இனங்களையும் எண்ணிக்கையையும் எழுதினால் போதும். பள்ளிப் பிள்ளைகளே செல்போனில் பதிவேற்றிவிடுவார்கள். அதோடு கரைக் கல்லில் கோடு போட்டு, அன்றைய நீர் மட்டத்தையும் விளக்கு எரிந்ததா என்பதையும் நோட்டில் குறித்து வைக்க வேண்டும். மறு வருடமும் அதே நாள், அதே கல், காலை அதே நேரம்.