நெஞ்சுவலிக்கு நெல்லைக்கு அனுப்புறாங்களா? ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் இதைக் கேளுங்க!

அம்பாசமுத்திரத்தில் இருந்து நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்க போன பிறகுதான் இதய மருத்துவர் இசிஜியைப் பார்க்கணுமா? இல்லை.

இசிஜியை முதலிலேயே செல்போனில் அனுப்பினால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அம்பையிலேயே போடலாமா என்று அவர் சொல்ல முடியும். STEMI வகை மாரடைப்பில், 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாது என்றால், வேறு தடை இல்லாத நோயாளிக்கு இந்த ஊசியைத் தாமதிக்கக் கூடாது என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

ஊசி போட்ட விவரம் சீட்டில் இல்லையென்றால்? ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை அங்கேயும் கொடுத்துவிடலாம். ரத்தக்கசிவு உயிருக்கே ஆபத்தாகலாம்.

தமிழக அரசின் 'தாய்' அவசர சிகிச்சைத் திட்டத்திலும் நோயாளி வருவதை முன்கூட்டியே தெரிவிப்பது முக்கியமான அம்சம்.

உறவினர்கள் கேட்க வேண்டியது மூன்று:

• அங்க போன்ல சொல்லிட்டீங்களா?
• என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?
• இசிஜியும் ரெஃபர் சீட்டும் எங்களோட வருதா?