கமராவுக்கு முன்னால் கைமாறும் காசு



எங்கட வீட்டில் சனிக்கிழமை பின்னேரம் ரீவி அம்மாவுக்குரியது. போன கிழமை லோறென்ஸ்கூக்குக்குப் போயிருந்தபோது, ஒரு அமெரிக்கச் சோடி மூன்று வீடு பார்த்து அதில் ஒன்றைத் தெரிவு செய்துகொண்டிருந்தது. "இதெல்லாம் உண்மையோ?" என்று அம்மா கேட்டா. "நடிப்பு அம்மா, அவை முதலே வீட்டை வாங்கிட்டினம்" என்றேன். அம்மா சிரிச்சுப்போட்டு யூரியூப்புக்கு மாறினா. அங்கே வன்னியில் ஒரு தகரக் கொட்டில். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், மைக்கோடு ஒரு இளைஞர், கடைசியில் ஒரு கட்டுக் காசு. அந்தத் தாய் அழுதா, அம்மாவும் அழுதா. "இது உண்மைதானே?" என்று கேட்டா.

முதல் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருந்தது. இரண்டாவதுக்கு இருக்கவில்லை. இந்த மாதத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

வாங்கல் விற்றலைக் காட்டும் ரியாலிற்றி நிகழ்ச்சிகள் எவ்வளவு தூரம் சோடிக்கப்பட்டவை என்பது பெரிய இரகசியம் இல்லை. அம்மா பார்த்த வகைக்கு முன்னோடி 'ஹவுஸ் ஹன்ரர்ஸ்', 1999 இல் அமெரிக்காவில் தொடங்கியது. மூன்று வீடு, கொஞ்சம் தயக்கம், கடைசியில் ஒரு தெரிவு என்று ஒவ்வொரு முறையும் ஒரே அமைப்பு. அதில் பங்குபற்றிய ரெக்சாஸ் பெண் ஒருவர் 2012 இல் உள்கதையைச் சொன்னார். அவர்கள் வீட்டை வாங்கி முடித்த பிறகுதான் நிகழ்ச்சிக்கு எடுக்கப்பட்டார்கள். அவர்கள் 'வேண்டாம்' என்று சொன்ன மற்ற இரண்டு வீடுகளும் விற்பனைக்கே வரவில்லை, நண்பர்களின் வீடுகள். சேனலும் இதைப் பெரிதாக மறுக்கவில்லை. படப்பிடிப்பு நேரம் வீணாகாமல் இருக்க, வாங்கும் அலுவலில் ஏற்கெனவே கனதூரம் போன குடும்பங்களைத் தேடுவதாகச் சொன்னது.

செய்தியைப் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதே கதைக்குள் இன்னொரு விசயம் இருந்தது. அந்தக் குடும்பம் புது வீடு வாங்கியது, பழைய வீட்டை வாடகைக்கு விடுகிற யோசனையோடு. அந்தக் கதை அலுத்துப்போனது என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். "இடம் காணாது, பெரிய வீடு வேணும்" என்று சொல்ல வைத்தார்கள். வாடகை வருமானம் தேடின குடும்பம், ரீவியில் இடநெருக்கடியில் தவிக்கிற குடும்பமாக வந்தது. வீட்டுக்கதவைத் திரும்பத் திரும்பத் திறந்து படம் எடுப்பது ஒரு சோடிப்பு. வீடு ஏன் வாங்கப்படுகிறது என்பதையே மாற்றுவது வேறு வகைச் சோடிப்பு. இரண்டாவதைத்தான் கவனிக்க வேணும்.

இன்னொரு உதாரணம் 'ஸ்ரோரேஜ் வோர்ஸ்'. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஏ அண்ட் ஈ சேனலில் தொடங்கியது. வாடகை கட்டாமல் விடப்பட்ட களஞ்சிய அறைகளை ஏலத்தில் எடுத்து, உள்ளே புதையல் இருக்கா குப்பை இருக்கா என்று பார்ப்பதுதான் நிகழ்ச்சி. 2012 டிசம்பரில் அதன் முக்கிய முகங்களில் ஒருவரான டேவ் ஹெஸ்ரர் வழக்குப் போட்டார். தயாரிப்பாளர்களே பெறுமதியான பொருட்களை அறைகளுக்குள் முன்கூட்டி வைத்தார்கள், ஒருமுறை குப்பைக்கு அடியில் ஒரு பி.எம்.டபிள்யூ மினி காரையே வைத்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதைப் பற்றி முறையிட்டதால்தான் தன்னை நிறுத்தினார்கள் என்றும் சொன்னார். சேனல் பேச்சுச் சுதந்திரத்தைக் காட்டி வாதாடியது. 2013 மார்ச்சில் நீதிபதி வழக்கின் ஒரு பகுதியை அந்த அடிப்படையில் தள்ளிவிட்டார். மிச்சம் 2014 இல் சமரசத்தில் முடிந்தது. ஹெஸ்ரர் அதே நிகழ்ச்சிக்குத் திரும்பிப் போனார். காரை யார் வைத்தது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

எங்களுக்கு அந்தக் காரைவிட முக்கியமான கேள்வி, அந்த அறை யாருடையது என்பது. வாடகை கட்ட முடியாமல் போன ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். வேலை போயிருக்கலாம், வீடு போயிருக்கலாம், வருத்தத்தில் படுத்திருக்கலாம். அவருடைய கட்டில், பிள்ளையின் சைக்கிள், அப்பாவின் படம் எல்லாம் ஏலத்துக்கு வருகின்றன. வாங்குபவர்களுக்குப் பெயர் உண்டு, பட்டப்பெயர் உண்டு, பகிடி உண்டு. பறிகொடுத்தவர் மட்டும் நிகழ்ச்சியில் இல்லை. மினி காரை யாரும் கொண்டுவந்து வைக்காவிட்டாலும் இந்தக் குறை அப்படியே இருந்திருக்கும்.

இங்கே நோர்வேயில் ரிவி3 இன் 'லுக்ஸுஸ்ஃபெல்லன்' எங்கள் வீடுகளிலும் பார்க்கப்படும் நிகழ்ச்சி. சுவீடனில் இருந்து வந்த வடிவம். கடனில் மூழ்கின ஒருவர் வீட்டுக்குப் பொருளாதார நிபுணர்கள் வருவார்கள். திறக்காத கடிதங்கள், கடன் அட்டைகள், தேவையில்லாத சாமான்கள் எல்லாவற்றையும் முன்னால் போட்டுக் கணக்குக் காட்டுவார்கள். அந்தக் கடன்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. குற்றவாளிக் கதிரையில் எப்போதும் யார் இருக்கிறார் என்று பாருங்கள். கடன் வாங்கினவர். கடன் கொடுத்தவர் அதில் உட்காருவதில்லை.

ஆனால் அரசுக்குத் தெரியும் பிரச்சினை எங்கே என்று. 2019 இல் நுகர்வுக்கடன் கொடுக்கும் வங்கிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது: ஒருவரின் மொத்தக் கடன் வருட வருமானத்தின் 5 மடங்கைத் தாண்டக்கூடாது, நுகர்வுக்கடனை 5 வருடத்துக்குள் கட்டி முடிக்கக்கூடியதாகக் கொடுக்க வேணும். அதே வருடம் ஜூலையில் கடன் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. அதுவரை, ஒருவர் வேறு வங்கிகளிடம் பிணையில்லாமல் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பதை ஒரு வங்கியால் நேரே பார்க்க முடியாமல் இருந்தது. பார்க்காமலே கொடுத்தார்கள். இது சனத்தின் ஒழுக்கக் குறைவு மட்டும் என்றால் வங்கிகளுக்குச் சட்டம் எதுக்கு?

இனி ரீவியை விட்டு, உண்மையிலேயே ஒரு வீடு கைமாறுவதைப் பாருங்கள். லோறென்ஸ்கூக்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு விஸ்னிங் போனவர்களுக்குத் தெரியும். அங்கே தயக்கத்துக்கும் நேரம் இல்லை, பின்னணி இசையும் இல்லை. பூட்ருண்டே நடக்கிற நாளில் எங்கட அப்பா வேலையிடத்துக் கழிவறைக்குள் நின்று போனில் விலை ஏத்தினார். மூன்றாவது தடவைதான் வீடு கிடைச்சது. தோற்ற இரண்டு தடவைகளை எந்த நிகழ்ச்சியும் காட்டாது.

ஆனால் அந்தத் தோல்வியிலும் ஒரு உரிமை இருந்தது. 2014 இல் இருந்து இங்கே ஏலக்கேள்வி எழுத்தில் இருக்க வேணும். வாங்கினவருக்கு முழு ஏலப் பதிவும் கிடைக்கும். தோற்றவரும் பெயர்கள் மறைக்கப்பட்ட பிரதியைக் கேட்டு வாங்கலாம். 2022 ஜனவரியில் இருந்து, சாதாரண ஆளுக்கு வீடு விற்கிறவர் 'உள்ளபடியே விற்கிறேன்' என்று ஒரு வரி எழுதித் தப்ப முடியாது. தில்ஸ்தான்ஸ்ரப்போர்ட்டில் குளியலறை ஈரம் முதல் கூரை வரை 0 இல் இருந்து 3 வரை தரம் போட்டிருக்கும். வாங்கிறவை ஏமாந்து, வழக்காடி, சண்டை பிடிச்சதால்தான் இந்த விதிகள் வந்தன.

ரீவிக்கும் விதி இல்லாமல் இல்லை. 1950களின் கடைசியில் அமெரிக்க வினாவிடைப் போட்டிகளில் பதில்கள் முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது அம்பலமானபோது, 1960 இல் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றமானது. பிரித்தானியாவில் பார்வையாளர்கள் போன் எடுத்துப் பங்குபற்றிய போட்டிகளில் போலி வெற்றியாளர்களைக் காட்டியதற்காக 2008 இல் பிபிசிக்கு 4 இலட்சம் பவுண் தண்டம் விழுந்தது. இரண்டிலும் ஒரு தர்க்கம் இருக்கு. பார்க்கிறவர் வெறுமனே பார்க்கும்வரை அது பொழுதுபோக்கு. போட்டி என்று நம்ப வைத்தால், அவருடைய காசும் உள்ளே வந்தால், அங்கே பொறுப்பு வந்துவிடுகிறது.

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு இப்போ வரலாம். அமெரிக்க வீட்டு நிகழ்ச்சிக்கு அம்மா ஒரு குரோனரும் அனுப்புவதில்லை. வன்னி வீடியோவுக்கு அனுப்புவா. எங்களில் கனபேர் அனுப்புகிறோம். "நோர்வேயில் வசிக்கும் இன்னாரின் 50 ஆவது பிறந்தநாளை முன்னிட்டு" என்றும், "31 ஆம் நாள் நினைவாக" என்றும் வீடியோவில் வாசிக்கப்படும் பெயர்கள் எங்கட மாமாக்கள், மாமிகளின் பெயர்கள். ஹவுஸ் ஹன்ரர்ஸில் நாங்கள் பார்வையாளர்கள். இங்கே நாங்கள் வாங்குபவர்கள். வாங்குவது எதை? ஒரு தாய் கமராவுக்கு முன்னால் அழுகிறதை. கேட்கக் கூசுகிறது, எழுதவும் கூசுகிறது. ஆனால் காசு எதற்காக கைமாறுகிறது என்று பார்த்தால் அதுதான் விடை.

2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் உதவி வீடியோக்கள் போட்டுவந்த ஒரு யூரியூப்பரைப் பொலிஸ் கைதுசெய்தது. உதவி பெற்ற குடும்பத்துப் பெண்பிள்ளையோடு அவர் கமராவுக்கு முன்னால் கதைத்த விதம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. அப்போது எங்கட வட்சப் குழுக்களில் எல்லாரும் அந்த ஒருவரைத் திட்டினோம். அப்படியான வீடியோக்களை உருவாக்கின காசு எங்கிருந்து போனது என்று கதைத்தவர்கள் குறைவு.

இந்த வீடியோக்களில் வறுமை பொய் இல்லை. கொட்டில் உண்மை, பசியும் உண்மை. சோடிப்பு வேறு இடத்தில் இருக்கு. "ஏன் உங்களுக்கு வீடில்லை?" என்று கேட்பார்கள். "உங்கட காணி யாரிட்ட இருக்கு?" என்று கேட்பதில்லை. கேப்பாப்புலவுச் சனம் இராணுவத்திடம் இருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017 இல் வீதியோரம் மாதக்கணக்கில் இருந்தது. "எவ்வளவு கடன்?" என்று கேட்பார்கள். "எந்த நுண்கடன் கொம்பனி, என்ன வட்டி?" என்று கேட்பதில்லை. வடக்கு கிழக்கில் பெண்கள் நுண்கடனில் அகப்பட்ட நிலை எவ்வளவு மோசம் என்றால், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக இலங்கை அரசே அறிவிக்க வேண்டிவந்தது. களஞ்சிய அறையின் சொந்தக்காரர் காணாமல் போனது போல, லுக்ஸுஸ்ஃபெல்லனில் வங்கி காணாமல் போனது போல, இங்கே இராணுவமும் கடன் கொம்பனியும் காணாமல் போகின்றன. மிஞ்சுவது ஒரு பாவப்பட்ட தாய், ஒரு நல்ல தம்பி, வெளிநாட்டில் ஒரு வள்ளல்.

தோழர்களில் சிலர் சொல்லுவினம்: "வீடியோ இல்லாட்டி காசு போகாது. அந்தக் குடும்பத்துக்குக் கூரை கிடைச்சது தானே?" இந்த வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கூரை கிடைச்சது உண்மை. எங்கட சங்கங்கள் கணக்குக் காட்டாமல் விட்ட காலங்களால்தான் சனம் கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம் என்ற நிலைக்கு வந்தது என்பதும் உண்மை. ஆனால் கணக்குக் காட்ட வேண்டியவர் காசைக் கையாளுகிறவர். நாங்கள் அவரிடம் கேட்க வேண்டிய பற்றுச்சீட்டுக்குப் பதிலாக அந்தத் தாயின் முகத்தைக் கேட்கிறோம். வீடு வாங்கும்போது ஏலப் பதிவையும் நிலை அறிக்கையையும் கேட்கத் தெரிந்த நாங்கள், ஊருக்குக் காசு அனுப்பும்போது கண்ணீரோடு திருப்திப்படுகிறோம்.

ஆகவே எங்கட வேண்டுகோள் இதுதான். அடுத்த பிறந்தநாளுக்கோ நினைவு நாளுக்கோ காசு அனுப்ப முன்னம் நாலு விசயம் கேளுங்கள். சேர்ந்த காசு எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? வீடியோவால் வரும் விளம்பரக் காசு யாருக்கு? முகம் காட்டமாட்டேன் என்று சொல்கிற குடும்பத்துக்கும் அதே உதவி கிடைக்குமா? காணிக்காகவும் கடனுக்கு எதிராகவும் ஊரில் அமைப்பாக நிற்கும் பெண்களோடு இவர்களுக்கு என்ன தொடர்பு? பதில் வராவிட்டால் காசை அந்தப் பெண்களின் சங்கங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் நேரே அனுப்புங்கள். அங்கே கணக்குப் புத்தகம் கேட்டால் காட்டுவார்களா என்று அவர்களிடமும் கேளுங்கள்.

அம்மாவுக்கு இந்த மடலை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அப்ப அந்தப் பிள்ளையளுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டா. சரியான கேள்வி. அந்தக் குடும்பத்தின் ஊரில் இருக்கும் ஒரு பெண்கள் அமைப்பின் இலக்கத்தை இப்போ தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு இப்படியான அமைப்புகளோடு தொடர்பு இருந்தால், இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கள். அடுத்த இதழில் பகிருவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக