கூடம் கோணல் இல்லை

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பீரில் சுவை தட்டினால் உடனே பழியைக் கெக்கின் தலையில் போடுவார்கள். 'கெக்லதான் ஏதோ கோளாறு' என்று தீர்ப்பு. ரப்பர் வளையங்களை மாற்றுவார்கள். குழாயை மாற்றுவார்கள். அடுத்த தடவையும் அதே வெண்ணெய் வாடை வரும். சரி, கெக்கையே மாத்திடலாம் என்று இன்னொன்று வாங்குவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்களை நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: கெக் பெரும்பாலும் குற்றவாளி கிடையாது, சாட்சி. நாம் சாட்சியைப் பிடித்து உதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது முதன்மையாக அமெரிக்கச் சங்கதி. வீட்டில் பீர் காய்ச்சுவதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்த சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978 அக்டோபரில். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் இறங்கி வந்தது 2013இல். அங்கே வீட்டுக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் கார்னிலியஸ் கெக், சோடா கம்பெனிகள் சர்க்கரைப்பாகு அனுப்பப் பயன்படுத்திய எஃகு உருளை. 5 கேலன், ஏறத்தாழ 19 லிட்டர் பிடிக்கும். சோடா கம்பெனிகள் அட்டைப்பெட்டிப் பைகளுக்கு மாறியபோது இவை பழைய சாமான் விலைக்கு வெளியே வந்தன. துருப்பிடிக்காத எஃகு. வெளிச்சம் உள்ளே போகாது, மூடி சரியாக உட்கார்ந்தால் காற்றும் போகாது. இந்த ஜடத்தின் மேல்தான் இத்தனை வழக்கு.

இதில் பாதிப் பழி அந்தச் சுவைக்குறை அட்டவணைகளுக்குப் போக வேண்டும். எல்லாருடைய சுவரிலும் ஒன்று தொங்குகிறது. வெண்ணெய் வாடை என்றால் டையசெட்டைல். பச்சை ஆப்பிள் என்றால் அசிட்டால்டிஹைடு. வேகவைத்த சோளம் என்றால் டைமெத்தில் சல்ஃபைடு. நனைந்த அட்டை என்றால் ஆக்ஸிஜன். பேண்ட்-எய்ட் வாடை என்றால் குளோரோஃபீனால். மோர்டன் மெய்ல்கார்ட் 1970களில் பீர்ச் சுவைகளைச் சக்கரமாக அடுக்கியது பெரிய வேலைதான். சுவைப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஒரு மொழி கிடைத்தது. ஆனால் பெயர் தெரிந்ததும் நோய் தெரிந்துவிட்டதாக நினைப்பது என்ன நியாயம்? காய்ச்சல் என்று சொன்னால் டெங்குவா, டைஃபாய்டா என்று டாக்டர் கேட்க மாட்டாரா?

வெண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டு பீரைக் குளிரவைத்தாலும் அந்த வாடை வரும். கெக்கிலிருந்து குழாய்முனைக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயில் பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறினாலும் அதே வாடை வரும். பெயர் ஒன்று, வைத்தியம் வேறு வேறு. முதலாவதற்குப் பொறுமை வேண்டும், இரண்டாவதற்குப் புதுக் குழாய் போதும். மனுஷன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கடையில் கிடைப்பதைத்தான்.

அட்டவணை கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வாடை எப்ப வந்துச்சு?

இங்கேதான் கெக்கின் அருமை. பாட்டிலில் அடைத்தால் ஒவ்வொரு பாட்டிலும் தனிக் கதை. கெக்கில் இருப்பதோ ஒரே பீர். தினமும் அரை டம்ளர் பிடித்துக் குடித்தால், குறை எந்த நாளில் தலைகாட்டியது என்று தெரிந்துவிடும். அந்த நாள்தான் துப்பு.

முதல் நாளே சோள வாடை அடித்தால் கெக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெளிர் மால்ட்டில் உள்ள ஒரு பொருள் சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறி ஆவியோடு போக வேண்டும். நீங்கள் பானையை மூடிவைத்துக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். முதல் நாளே பேண்ட்-எய்ட் வாடை என்றால் முதலில் குழாய்த் தண்ணீரில் கலந்த குளோரினையோ குளோரமீனையோ சந்தேகியுங்கள். காய்ச்சுமுன் தண்ணீரில் கொஞ்சம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் தீரும் விஷயம். பேருக்கு ஒரு மாத்திரை. அதற்குப் போய் கெக்கைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெண்ணெய் வருமா வராதா என்பதைக் கெக்கில் ஊற்றுமுன்பே கண்டுபிடிக்கலாம். இரண்டு டம்ளரில் பீர் எடுங்கள். ஒன்றை மூடி 60, 70 டிகிரி சூட்டு வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடு பட்டதில் மட்டும் வெண்ணெய் மணத்தால், அது வெளியே வரக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பீரை ஈஸ்ட்டோடு இன்னும் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் வெதுவெதுப்பில் விடுங்கள். ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். செலவு: ஒரு குண்டான் வெந்நீர்.

முதல் வாரம் நன்றாக இருந்து மூன்றாம் வாரம் ஹாப்ஸ் மணம் செத்து, நனைந்த அட்டை மாதிரி ஆனால் ஆக்ஸிஜன் புகுந்திருக்கிறது. அதுவும் பீரை மாற்றி ஊற்றிய நேரத்தில் உங்கள் கையால் புகுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கெக்கை விளிம்பு வரை கிருமிநீக்கி நிரப்பி, அதைக் கரியமில வாயுவால் தள்ளி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் பீரை இறக்க வேண்டும். பலரும் மூடியைத் திறந்து மேலிருந்து கொட்டுகிறார்கள்.

அன்றைய முதல் டம்ளர் மட்டும் மோசம், இரண்டாவது சரி என்றால் குற்றம் குழாயில் தேங்கிய பீரில். அப்போது குழாயைக் கழுவுங்கள், மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. பழைய கெக்கின் ரப்பர் வளையங்களில் சோடா வாசனை ஊறிக் கிடப்பதும் உண்மைதான். கெக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. விசாரிக்காமல் தண்டிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

'பொழுதுபோக்குக்குச் செய்றோம், இவ்வளவு மெனக்கெடணுமா?' என்பார்கள். பதறாமல் காய்ச்சுங்கள் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர் சார்லி பாப்பாசியன். பயந்துபோன புதியவரைத் தேற்றச் சொன்னது அது. பத்து வருஷமாகக் காய்ச்சுகிறவர் அதைச் சொல்லித் தப்பிப்பது சோம்பேறித்தனம். இன்னும் சிலர் குறையை மறைக்க ஹாப்ஸை இரண்டு மடங்கு கொட்டுகிறார்கள். ஊசிப்போன குழம்பில் பெருங்காயம் தூவுகிற கதை.

நண்பர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஓசியில் குடிக்கிறோமே என்ற கூச்சத்தில் 'சூப்பர்' என்கிறார்கள். நம் இலக்கியக் கூட்டங்களில் புதுப் புத்தகத்துக்கு விழுகிற அதே 'சூப்பர்'. எழுதியவருக்கும் உதவாது, காய்ச்சியவருக்கும் உதவாது. போவது 19 லிட்டர் பீர் மட்டும் என்றால் சாக்கடையில் ஊற்றிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் காரணம் தேடாமல் சாமான் வாங்கினால், தன் நாக்கை நம்பும் பழக்கமே போய்விடும். அது போனபிறகு எதற்கு வீட்டில் காய்ச்சுவது? கடையில் ஆயிரம் பீர் இருக்கிறது.

அதனால் அடுத்த தடவை வாடை வந்தால் ஸ்பானரைத் தொடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஊற்றிய தேதி, தினமும் குடித்த அரை டம்ளர், நாக்கில் பட்டது என்ன, எத்தனையாவது டம்ளரில் பட்டது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். அப்புறமும் கூடம் கோணல் என்றுதான் தோன்றினால், தாராளமாக இடித்துக் கட்டுங்கள்.